கடல் பார்க்கும் வரிசை

பிப்ரவரி 9

நெட்டைக்கு,

வேலை இல்லாமல் நீ எங்களைப் பார்க்க வரமாட்டாய். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. திங்களுக்குப் பிறகு செவ்வாய் வரும் என்பதுபோலச் சொல்கிறேன். என் வயிற்றைக் கிழித்துத் தைத்தபோது நீ வரவில்லை. உன் மருமகள் சில்வண்டு பள்ளிக்கூட மேடையில் ஆடியபோதும் வரவில்லை. நகரத்திலிருந்து ஒரே பஸ், மாறி ஏறக்கூட வேண்டாம்.

நான் தேறிவிட்டேன். ஈர விரிப்பைத் தூக்கும்போது மட்டும் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கிறது. அத்தான் நலம். சில்வண்டு வாய் மூடுவதே இல்லை, அதனால் அவளும் நலம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா?

நாங்கள் வீடு மாறியது உனக்குத் தெரியாது. விடுதி வேலைக்காரர்களுக்கு முதலாளி கொடுத்திருக்கும் வரிசை வீடுகளில் கடைசி வீடு இப்போது எங்களுக்கு. ஊர் முடியும் இடம். பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் புல், அப்புறம் பாறை, அப்புறம் ஒன்றுமே இல்லை, கடல்தான். பகலெல்லாம் சலவைக் கொட்டகையில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து அடுக்களை ஜன்னலில் முகத்தை வைத்தால் காற்று வந்து கழுவிவிட்டுப் போகும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல ஜன்னல் கிடைத்திருக்கிறது.

போனில் பேசலாம்தான். விடுதி வரவேற்பறையில் நின்று பேச வேண்டும், முதலாளியின் மனைவி கணக்கு எழுதுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால் எழுதுகிறேன். பதில் போடு.

உன் அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன் ஆபரேஷன் அன்று நான் ஆபீசில் யாரோ முன்பின் தெரியாத குடும்பத்துக்கு ரயிலில் ஜன்னலோர இருக்கை தேடிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நலம். சாப்பிடுகிறேன். டீயும் குடிக்கிறேன்.

இந்தச் சுற்றுலா ஆபீசில் என்னை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு சனி-ஞாயிறு பயணத்தைச் சொந்தமாகத் திட்டமிட்டு நடத்திக் காட்ட வேண்டும். அது நன்றாக அமைந்தால் வேலை, சொதப்பினால் வாசல். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் அந்த ஜன்னல் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "யோவ், இது எந்த ஊரு?" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடலோரப் பாறைமேல் இரண்டு நாள் நடை. உங்கள் ஊரில் தங்கல். நகரத்து ஆட்கள் இதற்குப் பறப்பார்கள். பாதையைச் செதுக்கிப் பராமரிப்பதே அத்தானின் வேலை என்பதால் அவரைவிட யார் வழி சொல்வார்கள்? கேட்டு எழுது.

வேலை இருந்தால்தான் வருவான் என்றாயே, வேலையையே அங்கே கொண்டுவந்துவிடுகிறேன். சிரிக்காதே.

நெட்டை

*

மார்ச் 12

நெட்டைக்கு,

சிரித்தேன். அத்தானும் சிரித்தார். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை காலம் பாதையில் முள் வெட்டுகிறார், ஒருவரும் அவரிடம் வழி கேட்டதில்லை. நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுதும்மா, நான் சொல்றேன்" என்று உட்கார்ந்தார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"முதல் நாள் மேக்கால. நம்ம வரிசைக்குப் பின்னால இருக்கற படலைத் திறந்து ஏறணும். பழைய கலங்கரை விளக்கம் வரைக்கும் பாறை ஓரமாவே போலாம். நடுவுல ஒரு இடத்துல விளிம்பு வெடிச்சிருக்கு, அங்க மட்டும் மேய்ச்சல் நிலத்துக்குள்ள இறங்கிச் சுத்தி வரணும். படம் புடிக்கறேன்னு எவனாவது விளிம்புல நின்னான்னா காதைப் புடிச்சுத் திருகுவேன். ரெண்டாம் நாள் கிழக்கால. கிளிஞ்சல் வளைவு வரைக்கும் இறக்கம். அலை ஏறறதுக்குள்ள திரும்பி மேல ஏறிடணும். செருப்புல வர்றவங்களைப் பஸ்ஸுலயே உக்கார வெச்சுடு."

எல்லோரும் நலம். சில்வண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமா பஸ்ஸில் இருந்து இறங்கினால் தலையை இடித்துக்கொள்வாரா என்று கேட்கிறாள். வாசல் நிலை தாழ்வுதான், குனிந்து வா.

நீ வரும் நாளை எழுது. உனக்குப் படுக்கை அடுக்களையில், ஜன்னலுக்குக் கீழே.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

நலம்தானே? அத்தான் சொன்ன வழியை அப்படியே போட்டேன். "காதைத் திருகுவேன்" என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். அறிவிப்பு போட்ட வாரத்திலேயே இடம் நிறைந்துவிட்டது. மே மாதம் இரண்டாம் சனி, வெள்ளி ராத்திரியே வந்து இறங்கிவிடுவோம்.

ஆனால் இன்று உங்கள் முதலாளி போனில் கையை விரித்துவிட்டார். விடுதியின் மேல்மாடியில் தளம் பெயர்த்துப் போட்டிருக்கிறார்களாம், பாதிப் பேருக்குத்தான் அறை. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஆள் படுக்க இடம் இல்லாத ஊருக்கு என்னத்துக்குய்யா கூட்டிட்டுப் போறே? பாறை மேல பாய் விரிச்சுப் போடப் போறியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்தில் வேறு ஊரும் கிடையாது. இந்த வாரத்துக்குள் வழி பண்ணாவிட்டால் ரத்து. ரத்தானால் என் கதையும் அதோடு சரி.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா சொல்லி அழுகிறேன். வேறு யாரிடம் அழுவது?

நெட்டை

*

ஏப்ரல் 11

நெட்டைக்கு,

அழாதே. இடம் கிடைத்துவிட்டது.

எங்கள் வரிசையையே காலி செய்து கொடுக்கிறோம். உன் ஆட்கள் எங்கள் வீடுகளில் படுக்கட்டும். நாங்கள் எல்லோரும் அந்த இரண்டு ராத்திரியும் சலவைக் கொட்டகையில் இருந்துகொள்கிறோம். முதலாளியிடம் கேட்டேன். "என்னவோ பண்ணிக்கோங்க, விரிப்பு மட்டும் கறையாகக் கூடாது" என்றார்.

ஒவ்வொரு கதவாக நான்தான் போய்த் தட்டினேன். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சமையலம்மாதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏண்டி, என் வீடு இருக்க என் புருஷன் கொட்டாயில படுக்கணுமா?"

"ரெண்டே ராத்திரி, சமையலம்மா."

"உன் தம்பி என்ன, முடிசூட்டிக்கப் போறானா?"

"வேலை நிரந்தரமாகப் போகுது."

"ஆகட்டும். அதுக்கு இவரு எதுக்கு மறுபடியும் அந்த ஆவியைக் குடிக்கணும்?"

அவள் கேட்டது நியாயம்தான். அவள் வீட்டுக்காரர் அந்தக் கொட்டகையில்தான் கொதிகலன் பார்த்தார். ஆவியும் சோடாப் பொடியும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. இப்போது வாசலில் நாற்காலி போட்டுக் கடல்காற்றைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறார். இனி அந்தக் கொட்டகை வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டவர். அவரே உள்ளேயிருந்து, "போகட்டும் விடு, சின்னப் பையன் பொழைப்பு" என்றார். சமையலம்மா என்னைப் பார்த்து, "உனக்காகத்தான்டி. உன் தம்பிக்காக இல்ல" என்றாள்.

எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடிக்கிறோம். விடுதியில் கழித்துப் போட்ட விரிப்புகளில் நானே ஜன்னல் திரை தைக்கிறேன். தைரியமாகக் கூட்டிக்கொண்டு வா. உடம்பு, நெஞ்சு எல்லாம் பத்திரம்.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்கா,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அத்தான் கலங்கரை விளக்கத்தடியில் நின்று பேசினாரே, அதைக் கைதட்டிக் கேட்டார்கள். மேனேஜர் உன் வீட்டில்தான் படுத்தார். உன் கட்டிலில். காலையில் எழுந்து, "ஜன்னலைத் திறந்தா கடல் மடியில விழுதுய்யா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விடுதி அறையில் படுத்தவர்களுக்கு ஒரே பொறாமை. அடுத்த தடவை எங்களுக்கும் அந்த வரிசையில்தான் வேண்டும் என்கிறார்கள்.

கொட்டகைப் பக்கம் வந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆட்களை விட்டு நகர முடியவில்லை. ஒருவருக்குக் காலில் கொப்புளம், ஒருவருக்குத் தலையணை சரியில்லை. பஸ் கிளம்பும்போது கொட்டகை வாசலில் நீ கையசைத்தது தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "யாரு அது?" என்று கேட்டார். சொன்னேன்.

சில்வண்டுக்காக வாங்கி வந்த பொம்மையைப் பைக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். தபாலில் அனுப்புகிறேன்.

கொட்டகையில் எப்படி இருந்தது? சிரமமா? உள்ளதைச் சொல். எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நெட்டை

*

ஜூன் 5

நெட்டைக்கு,

பொம்மை வந்தது. சில்வண்டுக்கு லேசான இருமல், மற்றபடி நலம். அத்தானும் நானும் சுகம். வேலை கூடிவிட்டதால் பதில் தாமதம்.

நீ மனதை அரித்துக்கொள்ளாதே. கொட்டகையில் ஒரு சிரமமும் இல்லை. கொதிகலன் சூட்டில் கதகதவென்றுதான் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே உல்லாசம், விரிப்பு மூட்டைகள்மேல் ஏறி உருண்டார்கள். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம், கதை பேசினோம். ஊர் சுற்றப் போன மாதிரி இருந்தது. கொதிகலன்காரர்கூடப் பழைய இடத்தைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டார். சமையலம்மா, "இப்படியே இருந்துடலாம் போலிருக்கேடி" என்று சிரித்தாள்.

அதனால் நிம்மதியாகத் தூங்கு. மேனேஜர் வேலை விஷயம் என்ன சொன்னார்?

அடுத்த முறை சும்மா வா. யாரையும் கூட்டிக்கொண்டு வராமல்.

அக்கா

*

ஜூலை 14

அன்புள்ள அக்கா,

வேலை நிரந்தரமாகிவிட்டது! முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். இனி எனக்கென்று தனி மேசை. நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது, அது எனக்குத் தெரியும். சமையலம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் சொல்.

எல்லோரும் சுகமா? இருமல் விட்டதா?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: வரிசையில் எந்தெந்த வீட்டு ஜன்னல் நேராகக் கடலைப் பார்க்கிறது? மழைக்குக் கூரை ஒழுகுமா? வீடெல்லாம் முதலாளி பேரில்தானே, உங்களிடம் அவர் ஏதும் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? வேறு நல்ல இடம் கிடைத்தால் நீங்கள் மாறத் தயாரா, இல்லை அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டீர்களா? பதிலுக்கு அவசரம் இல்லை. இந்த வாரத்துக்குள் எழுதினால் நல்லது.

நெட்டை

*

ஜூலை 18

நெட்டைக்கு,

நிரந்தரம் என்ற சொல்லைப் படித்ததும் கொட்டகையிலேயே ஓவென்று கத்திவிட்டேன். ஒரு விரிப்பு தீய்ந்துபோனது. சமையலம்மா, "போ, உன் தம்பி பொழைச்சுக்கிட்டான்" என்றாள். அவள் அப்படிச் சொன்னாலே ஆசீர்வாதம்தான்.

எல்லா ஜன்னலும் கடலைத்தான் பார்க்கின்றன. கூரை எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மூலையில் ஒழுகும், ஒரு ஓடு மாற்றினால் போதும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவுதான். மாறுவதைப் பற்றி ஏன் கேட்கிறாய்? எங்களுக்கு நகரத்தில் ஏதாவது பார்த்திருக்கிறாயா? வேண்டாமடா. என்னை இந்த ஜன்னலிலிருந்து பிணமாகத்தான் எடுக்க வேண்டும்.

போன வாரம் முதலாளி அளவு நாடாவோடு வந்து எங்கள் வாசல், ஜன்னல் எல்லாம் அளந்துகொண்டு போனார். கூரையைச் சரிபண்ணப் போகிறார் போல. நல்ல காலம் வந்தால் எல்லாம் சேர்ந்தே வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். புது மேசையில் சாய்ந்து தூங்காதே.

அக்கா

*

செப்டம்பர் 3

நெட்டைக்கு,

ஒன்றரை மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொட்டகையிலிருந்து எழுதுகிறேன். வேலை நேரத்தில் இல்லை. எங்கள் வீடு இப்போது இதுதான்.

முதலாளி எங்களை முற்றத்தில் கூட்டி வைத்துப் பேசினார். இனி வாரம் தவறாமல் சனி, ஞாயிறு நடைக்காரர்கள் வருவார்களாம். நகரத்து ஆபீஸ் ஒன்று ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம். வரிசை வீடுகள் அவர்களுக்கு. எங்களுக்குக் கொட்டகையில் தகரத் தடுப்பு அடித்துத் தருகிறார். "ரெண்டு நாள் இருந்து பாத்தீங்கல்ல, பழகிடும்" என்றார். முடியாதவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாமாம்.

வரிசையின் முகப்பில் பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'கடல் பார்க்கும் வரிசை'. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாதாமாதம் கதவு நிலையில் சில்வண்டின் உயரத்தைக் கீறி வைத்திருந்தோம், அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று ஆபீஸிலிருந்து சொல்லியிருக்கிறார்களாம். வருகிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறதாம். பிள்ளை வேண்டாம், கீறல் வேண்டும்.

அத்தான் தினமும் அந்தப் பாதையில்தான் முள் வெட்டுகிறார். நம் வீட்டு வாசலில் யாரோ காபி குடித்துக்கொண்டே, "வணக்கம் பெரியவரே, கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறார். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தும் வழி சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார்.

அந்த ஆபீஸ் உன் ஆபீஸ்தான் என்று வரவேற்பறையில் சொல்கிறார்கள். நான் அடித்துப் பேசினேன். என் தம்பிக்குத் தெரிந்திருந்தால் முதலில் எனக்குத்தான் எழுதியிருப்பான் என்றேன். உனக்குத் தெரியாமல் மேலே இருப்பவர்கள் செய்திருப்பார்கள். நீ எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். நிரந்தர ஆள் அல்லவா நீ?

சீக்கிரம் எழுது. சில்வண்டின் இருமல் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது.

அக்கா

*

அக்டோபர் 7

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சீசன் வேலை, ஊர் ஊராக அலைச்சல். எனக்கும் உடம்பு சரியில்லை, வயிற்றில் ஏதோ எரிச்சல். டாக்டர் கவலை ஒன்றும் இல்லை என்கிறார்.

சில்வண்டுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் புத்தகப் பையும் அனுப்பியிருக்கிறேன். அவளை நல்ல டாக்டரிடம் காட்டு.

அந்த ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தாய். அது மேலே எடுத்த முடிவு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கூட்டங்களில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. பொதுவாகப் பேசுவார்கள். ஒவ்வொருவரையும் ஏதாவது கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சிரமம் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். நீயே எழுதியிருந்தாய்.

இது நிரந்தர ஏற்பாடு இல்லை என்று கேள்வி. ஒன்றிரண்டு வருஷம் பார்ப்பார்கள். அதற்குள் என்னால் ஆனதைச் செய்கிறேன். முதலாளியிடம் முரண்டு பிடித்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தானுக்கு இந்த வயதில் வேறு வேலை கிடைப்பது கஷ்டம்.

வர வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். எந்த முகத்தோடு

வேலை குறைந்ததும் வருகிறேன்.

நெட்டை

*

அக்டோபர் 21

நெட்டைக்கு,

உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? சில்வண்டு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். அத்தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் நிற்கிறேன், நடக்கிறேன், இஸ்திரி போடுகிறேன்.

நேற்று முதலாளி கொட்டகைக்கு வந்தார். சமையலம்மா மறித்துக்கொண்டாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு இங்க மூச்சு விட முடியல. எங்க ஒரு வீட்டை மட்டுமாவது குடுத்துடுங்க. அவருக்கு அந்தக் காத்துதான் மருந்து."

"ஏம்மா, இங்க நல்லாத்தான இருந்துச்சு உங்களுக்கு?"

"யாரு சொன்னா?"

"உன் பக்கத்து வீட்டுக்காரியே எழுதியிருக்காளே. அவ தம்பி கூட்டத்துல படிச்சுக் காட்டினாரு. கதகதன்னு இருந்துச்சாம், ஊர் சுத்தப் போன மாதிரி இருந்துச்சாம். நீகூட இப்படியே இருந்துடலாம் போலிருக்குன்னு சிரிச்சியாமே? அதைக் கேட்டுத்தான் மேனேஜர் கையெழுத்தே போட்டாரு."

சமையலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "நான் எப்படி சிரிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

நான் எழுதியது பொய். உள்ளதைச் சொல் என்று கேட்டாய், பொய் சொன்னேன். நீ தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். என் தம்பிக்கு மட்டும் சொன்ன பொய் அது. உள்ளது இதுதான்.

கொதிகலனை அணைத்த பிறகு கூரைத் தகரத்தில் ஏறிய ஆவியெல்லாம் தண்ணீராக எங்கள்மேல் சொட்டியது. விரித்ததெல்லாம் நனைந்தது. பிள்ளைகள் விரிப்பு மூட்டைமேல் ஏறியது விளையாட இல்லை, தரை ஈரமாக இருந்ததால். கக்கூஸ் விடுதி முற்றத்துக்கு அந்தப் பக்கம். விருந்தாளிகள் கண்ணில் நாங்கள் பட வேண்டாம் என்று அதைப் பூட்டிவிட்டார்கள். பெரிய பெண்களெல்லாம் விடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சில்வண்டு அடக்க முடியாமல் நனைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கொதிகலன்காரருக்கு உள்ளே நுழைந்ததுமே இருமல் பிடித்துக்கொண்டது. வெளியே காற்றில் போய் உட்காரப் போனார். நான்தான் தடுத்தேன். அந்தச் சத்தம் வரிசை வரைக்கும் கேட்கும், உன் மேனேஜர் எழுந்துவிடுவார் என்று பயந்தேன். "கொஞ்சம் சத்தம் வராம பாத்துக்கோங்க, சமையலம்மா" என்று சொன்னது இந்த வாய். அவள் ஒரு துண்டை நான்காக மடித்துப் புருஷன் வாயில் பொத்தினாள். கண்ணெல்லாம் பிதுங்க அவர் அதற்குள்ளேயே இருமினார். இரண்டு ராத்திரியும். அவர் வீட்டுக் கட்டிலில் எவனோ காலை நீட்டித் தூங்க, என் தம்பிக்கு வேலை நிரந்தரமாக.

சமையலம்மா சிரிக்கவில்லை. அவள் அப்படி ஒன்றும் சொல்லவும் இல்லை. நானாகச் சேர்த்தது.

என் தப்பை நான் சுமந்துகொள்கிறேன். வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்காரர் முன்னாலும் நின்று சொல்லிவிட்டேன். துப்பாதவர்கள் இல்லை. வீட்டை நீ திருப்பி வாங்கித் தருவாய் என்று நான் நம்பவில்லை. கம்பளிச் சட்டை இனி வேண்டாம். வருகிறேன் வருகிறேன் என்றும் எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று செய். என் பொய்யை எந்த அறையில் வாசித்தாயோ, அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் நின்று இந்தக் கடிதத்தையும் வாசி. துண்டு பொத்தியதை வாசி. பிள்ளை நனைத்ததை வாசி. நீ கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து வாசி. வாசித்து முடித்ததும், பஸ்ஸில் அந்த அம்மாள் "யாரு அது?" என்று கேட்டாளே, அன்று என்னை யார் என்று சொன்னாய் என்பதையும் சொல்.

செய்துவிட்டு எனக்கு ஒரே வரி எழுது, நெட்டை. வாசித்தாயா?

அக்கா